குழந்தைக்கு ஆபத்து என்று தகவல் சொல்லும்போது எதையெல்லாம் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழந்தை அடி வாங்குகிறதோ, பட்டினி கிடக்கிறதோ, பாலியல் தொல்லைக்கு ஆளாகிறதோ என்று சந்தேகம் வந்தவர்களில் பலர் போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது, தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற தயக்கம்தான் பெரும்பாலும் காரணம். அந்த நேரத்தில் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. குழந்தை என்று சொல்வது 18 வயது நிரம்பாத எல்லாரையும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் கணக்கும் அதுதான். மீசை முளைத்த பதினேழு வயதுப் பையனும் இதில் சேர்த்தி.

சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது, ஆதாரம் எதுவும் இல்லை. சொல்லலாமா?

சொல்லலாம். ஆதாரம் தேடுவது விசாரிப்பவர்களின் வேலை. உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். "இன்னும் கொஞ்சம் உறுதியானதும் சொல்லலாம்" என்று காத்திருப்பவர்கள் தாங்களே துப்புத் துலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது, அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, சம்பந்தப்பட்டவரிடமே ஜாடையாகப் பேசிப் பார்ப்பது எல்லாம் நடக்கும். அதற்குள் அந்த ஆள் உஷாராகிவிடுவார், குழந்தையின் வாயும் அடைக்கப்பட்டுவிடும்.

உதவி எண்ணை அழைத்தால் முதலில் என்ன கேட்பார்கள்?

குழந்தை இந்த நிமிடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைத்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் அழைப்பவர்கள் பெரும்பாலும் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிப்பார்கள்: அந்தக் குடும்பம் எப்போது குடிவந்தது, ஆரம்பத்தில் எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்று. போன் எடுப்பவர் நடுவில் புகுந்து கேட்டால் கோபப்பட வேண்டாம். அவர் கேட்பது இப்படித்தான் இருக்கும்:

"குழந்தை இப்ப எங்க இருக்கு சார்?"
"வீட்லதான் இருக்கு."
"அடிச்சதா சொன்னீங்களே, அவர்?"
"வேலைக்குப் போயிருக்காரு. ராத்திரி எட்டு மணிக்கு வந்துருவாரு."
"வீட்ல வேற யாரு இருக்காங்க?"
"பாட்டி இருக்காங்க. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

இந்த ஆறு வரியில் "எட்டு மணி" என்பதற்குத்தான் விலை அதிகம். அதற்குள் யாராவது அங்கே போய்ச் சேர வேண்டுமா, நாளைக் காலை பள்ளியில் வைத்துப் பார்த்தால் போதுமா என்பதை அந்த ஒரு தகவலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். குழந்தை தினமும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும், யாருடன் தனியாக இருக்கும், அடுத்து எப்போது அந்த ஆளின் கையில் சிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அற்பமாகத் தெரியலாம். போகிறவருக்கு அதுதான் வழிகாட்டி.

பிறகு குழந்தையின் பெயர், வயது, ஆணா பெண்ணா, இருப்பிடம், பள்ளி, வீட்டில் யார் யார், அதே வீட்டில் வேறு குழந்தைகள் உண்டா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குழந்தைக்கு நடப்பது தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கும் நடக்கலாம். வீட்டில் நாய், ஆயுதம், குடிபோதையில் கைநீட்டும் ஆள் என்று போகிறவர்களுக்கே ஆபத்தான எதுவும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பெயரும் முகவரியும் சரியாகத் தெரியாது. அப்போதும் அழைக்கலாமா?

அழைக்கலாம். கண்டுபிடிக்க உதவும் எதுவும் பயன்படும்: வீட்டின் நிறம், எத்தனையாவது மாடி, எதிரில் என்ன கடை, குழந்தை போடும் சீருடை, பள்ளி வண்டி வரும் நேரம், வண்டியின் பதிவு எண், குழந்தையை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். வயது தெரியாவிட்டால் "நாலாவது படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறாள்" என்று தோராயமாகச் சொல்லுங்கள். ஆனால் தோராயம் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். ஊகத்தை உறுதிபோலச் சொன்னால் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்லச் சொல்கிறார்கள். எப்படி?

ஒரே சம்பவத்தை ஒரு ஆசிரியை இரண்டு விதமாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் குறிப்பு:

"மாணவி வீட்டில் கொடுமைப்படுத்தப்படுகிறாள். எப்போதும் பயந்தே இருக்கிறாள். சித்தி சரியில்லை."

இரண்டாவது:

"செவ்வாய்க்கிழமை காலை 9.10. வகுப்புக்குள் வந்தவள் உட்காராமல் நின்றாள். உட்காரச் சொன்னதும் பெஞ்சின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்டேன். 'சித்தி கரண்டியால போட்டாங்க மிஸ்' என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரவில்லை. இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. போன வாரம் வியாழன், வெள்ளி வரவில்லை. விடுப்புக் கடிதம் இல்லை. என் எண்ணம்: வீட்டுக்குப் போகும் மணி அடித்தால் இவள் முகம் மாறுகிறது."

முதல் குறிப்பை வாசிப்பவருக்கு ஆசிரியையின் கோபம் புரியும், வேறெதுவும் புரியாது. இரண்டாவதில் நாளும் நேரமும் இருக்கிறது, குழந்தையின் வாய்ச்சொல் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதும் இருக்கிறது. பள்ளிக்கு வராத நாட்களைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கருத்தே சொல்லக்கூடாது என்றில்லை. தினமும் பார்க்கிறவரின் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு. அதற்கு "என் எண்ணம்" என்று ஒரு பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் சரி.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: மற்றவர் சொல்லிக் கேட்டது. "மேல்வீட்டம்மா சொன்னார், நான் பார்க்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் நேரில் கேட்டுக்கொள்வார்கள்.

குழந்தையே என்னிடம் சொன்னது. அதை எப்படி எடுத்துச் சொல்வது?

அது சொன்ன வார்த்தையிலேயே. கொச்சையாக இருந்தாலும், வீட்டுச் சொல்லாக இருந்தாலும், உறுப்புக்கு விளையாட்டுப் பெயர் வைத்துச் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். கூச்சத்தில் "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று நாகரிகப்படுத்தினால் என்ன நடந்தது என்பதே மறைந்துபோகும். தொட்டதா, தொடச் சொன்னதா, படம் காட்டியதா, படம் எடுத்ததா? ஒவ்வொன்றும் வேறு.

கேள்வி கேட்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். "என்ன நடந்தது?", "அப்புறம்?" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "மாமா உன்னை அங்கே தொட்டாரா?" என்று கேட்டுவிட்டால் அதன் பிறகு குழந்தை சொல்லும் "ஆமா" குழந்தையின் சொல்லா, உங்கள் சொல்லா என்று தெரியாமல் போகும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு இதற்குப் பேர்போன பாடம். அங்கே குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக 1983இல் குற்றச்சாட்டு எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பதிலை ஊட்டுவதுபோல, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. உண்மையில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்பதை அந்தக் கேள்விகளிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாமல் போயிற்று.

நீங்கள் ஏதோ பதற்றத்தில் அப்படிக் கேட்டுவிட்டீர்கள் என்றால், கேட்ட கேள்வியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் சிக்கல். குழந்தை எப்போது, எங்கே, எந்த நிலையில் சொன்னது, அழுதுகொண்டா, விளையாடிக்கொண்டே சாதாரணமாகவா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துவையுங்கள். அன்றைக்கே எழுதுங்கள். இரண்டு நாள் போனால் நம் வார்த்தைகள் குழந்தையின் வாய்க்குள் புகுந்துவிடும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சத்தியம் வாங்கப் பார்க்கிறது. என்ன செய்வது?

சத்தியம் செய்ய வேண்டாம். "நீ சொன்னது நல்லதுதான். உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று நேராகச் சொல்லுங்கள். குழந்தை யாரைப் பார்த்துப் பயப்படுகிறது, சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்பதும் தகவல்தான், சேர்த்துச் சொல்லுங்கள். "அம்மாவை ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்று கேட்டிருந்தால், அடுத்து அதனிடம் பேசப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

காயத்தை எப்படி விவரிப்பது? படம் எடுத்துவைக்கலாமா?

உடம்பின் எந்தப் பக்கம், எந்த இடம், ஏறக்குறைய எவ்வளவு அளவு, என்ன வடிவம், என்ன நிறம் என்று சொல்லுங்கள். "வலது தொடையின் பின்பக்கம், விரல் அகலத்தில் இரண்டு கோடு, அருகருகே" என்றால் கேட்பவர் கண்முன் வந்துவிடும். வடிவம் முக்கியம்: பெல்ட், விரல் பதிவு, பல் பதிவு, சிகரெட் முனை போன்றவை தடம் விட்டுச் செல்லும். காயத்துக்கு யார் என்ன காரணம் சொன்னார்கள், அந்தக் காரணம் ஆளுக்கு ஆள் மாறியதா என்பதையும் சேர்க்கவும்.

நிறத்தை வைத்து "இது நாலு நாள் பழசு" என்று கணிக்க வேண்டாம். கன்றிய இடத்தின் நிறத்தை வைத்து அதன் வயதைச் சரியாகச் சொல்ல மருத்துவர்களாலேயே முடிவதில்லை. கைக்குழந்தைகளின் முதுகிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே நீலத் திட்டு இருப்பதுண்டு, அது அடி அல்ல. ஆனால் மருத்துவர்கள் தனியாகக் கவனிக்கும் சில இடங்கள் உண்டு. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்தில் கன்றியிருந்தாலும், நாலு மாதம்கூட நிரம்பாத குழந்தைக்கு உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். தவழாத குழந்தை தானாக விழுந்து அடிபடுவது அரிது.

படம் எடுப்பதைப் பொறுத்தவரை என் கருத்து: விட்டுவிடுங்கள். துணியை விலக்கிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு அத்துமீறல். இயல்பாகக் கண்ணில் பட்டதை ஒரு காகிதத்தில் மனித உருவம் வரைந்து குறித்துவைத்தால் போதும். மற்றதை மருத்துவர் பதிவு செய்வார்.

போனில் குழந்தையின் ஆபாசப் படம் வந்திருக்கிறது. ஆதாரமாக அனுப்பலாமா?

யாருக்கும் அனுப்பக்கூடாது. போலீஸ் நண்பருக்கும் கூடாது, "பாருங்கள் எவ்வளவு மோசம்" என்று குழுவுக்கும் கூடாது. பல நாடுகளில் நல்ல எண்ணத்தோடு பகிர்ந்தாலும் அது குற்றம்தான். ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு பிரதிதான். எந்த ஆப், எந்தக் கணக்கு, அந்தக் கணக்கின் பயனர் பெயர், இணைப்பு முகவரி, நாள், நேரம் ஆகியவற்றை எழுத்தில் குறித்துக்கொண்டு உடனே தகவல் சொல்லுங்கள். போனை என்ன செய்வது, படத்தை அழிப்பதா வைத்திருப்பதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். படத்தில் இருப்பது மிரட்டப்படும் உங்கள் பிள்ளையே என்றால், மிரட்டல் செய்திகளையும் அந்தக் கணக்கின் விவரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். பதற்றத்தில் மொத்த உரையாடலையும் அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

சந்தேகப்படும் ஆளைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்?

அவர் யார், குழந்தைக்கு என்ன உறவு, எப்போது எப்படிக் குழந்தையை அணுக முடிகிறது என்பது வரை. அவருடைய சாதி, மதம், குணம், பழைய கடன் தகராறு தேவையில்லை. உங்களுக்கும் அவருக்கும் ஏற்கெனவே சண்டை இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு வழியில் தெரியவந்தால் நீங்கள் சொன்ன உண்மையும் அடிபடும். அவர் வேலையில் மற்றக் குழந்தைகளோடு பழகுபவரா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்: பயிற்சியாளர், வண்டி ஓட்டுநர், டியூஷன் எடுப்பவர், இப்படி.

அடி, காயம் என்று எதுவும் இல்லை. சின்னச் சின்ன விஷயங்கள்தான். இதையும் சொல்வதா?

கவனிப்பாரற்று விடப்படும் குழந்தைகளின் கதையே சின்னச் சின்ன விஷயங்களால் ஆனதுதான். ஒரு நாள் அழுக்குச் சட்டையில் வருவதில் ஒன்றுமில்லை. ஒரு மாதமாக அதே சட்டை, பசி, ஆறாத சிரங்கு, இரவு பத்து மணிக்குத் தெருவில் தனியாக என்றால் அது வேறு. அதனால் நாள் போட்டு ஒரு வரி, ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் சித்திரவதையால் இறந்தாள். உடம்பில் 128 காயங்கள். சமூக சேவைத் துறையினர், போலீசார், இரண்டு மருத்துவமனைகள் என்று எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள். அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாக 2003இல் வெளியான லார்டு லேமிங் விசாரணை அறிக்கை சொன்னது. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது. முழுப் படம் ஒருவரிடமும் இல்லை. உங்களிடம் இருக்கும் துண்டு மற்ற எதனுடன் பொருந்தும் என்று உங்களால் சொல்ல முடியாது. தகவலைப் பெறுபவர் சொல்லிவிடக்கூடும்.

முதலில் பெற்றோரிடம் பேச வேண்டாமா?

குழந்தைக்கு ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்று சந்தேகம் இருந்தால் வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஆதாரம் மறையும், குழந்தை இடம் மாற்றப்படலாம், அதன் மேல் நெருக்கடி கூடும். வெளியாள் ஒருவரால் தொல்லை, பெற்றோர் துணையாக இருப்பார்கள் என்று தெரிகிறது என்றால் கதை வேறு. அப்போதும் பெற்றோருக்கு என்ன தெரியும், நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்பதைத் தகவலில் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் இருக்கும் நல்லதையும் சொல்லலாமா?

சொல்லுங்கள். இதை யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்வதில்லை. அடுத்த தெருவில் அத்தை இருக்கிறார், குழந்தை அவரிடம் ஒட்டிக்கொள்ளும் என்பது அன்றிரவு அது எங்கே படுக்கும் என்பதையே மாற்றக்கூடிய தகவல்.

பேச முடியாத குழந்தை, அல்லது அந்த ஊர் மொழி தெரியாத குழந்தை என்றால்?

அது எப்படித் தொடர்புகொள்ளும் என்பதைச் சொல்லுங்கள்: சைகையா, படம் காட்டியா, எந்த மொழியில், யார் பேசினால் புரியும். காது கேட்கும் கருவி, மருந்து, வலிப்பு, எதைக் கண்டால் பயப்படும் என்பதும் வேண்டும். வீட்டாரையே மொழிபெயர்க்க வைத்துவிடக் கூடாது. விக்டோரியாவும் பிரெஞ்சு பேசி வளர்ந்தவள்.

என் பெயரைச் சொல்லியாக வேண்டுமா?

பல உதவி எண்களில் பெயர் சொல்லாமலும் பேசலாம். ஆனால் பெயரும் தொடர்பு எண்ணும் தந்தால் சந்தேகம் கேட்கத் திரும்ப அழைக்க முடியும். தகவலுக்கும் வலு கூடும். "என் பெயர் அந்தக் குடும்பத்துக்குத் தெரியக்கூடாது" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர், மருத்துவர் போலப் பணி நிமித்தம் சொல்பவர்கள் பெயரை மறைப்பது பெரும்பாலும் நடக்காது.

என் சந்தேகம் தப்பாகிவிட்டால்?

நல்லெண்ணத்தில் சொன்னவருக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதைத்தான் அந்தச் சட்டம் தண்டிக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்வது வேறு விஷயம், அதற்கும் தண்டனை உண்டு.

பள்ளி நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன். என் வேலை முடிந்ததா?

முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிர்வாகம் வெளியே சொன்னதா, யாரிடம், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். "நாங்களே உள்ளுக்குள் பேசி முடித்துக்கொள்கிறோம்" என்ற பதில் வந்தால் நீங்களே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பது உங்கள் பொறுப்பல்ல.

யாரிடமெல்லாம் சொல்லக்கூடாது?

நடவடிக்கை எடுக்கும் பொறுப்பில் இல்லாத யாரிடமும். வாட்ஸ்அப் குழுவில் குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு என்று போட்டு "நியாயம் கேட்பது" அந்தக் குழந்தையை ஊரறியச் செய்வதுதான். பெயரை விட்டுவிட்டுப் பள்ளியையும் வகுப்பையும் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும். எழுதிவைத்த குறிப்பையும் பூட்டி வையுங்கள்.

எந்த எண்ணுக்கு அழைப்பது?

உயிருக்கு ஆபத்து என்றால் உங்கள் நாட்டின் போலீஸ் அவசர எண். மற்றபடி இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999, சிங்கப்பூரில் 1800 777 0000, பிரிட்டனில் பெரியவர்கள் அழைக்க 0808 800 5000.

சொல்லிவிட்டேன். அப்புறம்?

போனை வைக்கும் முன் தகவல் பதிவான எண்ணையும், பேசியவரின் பெயரையும், எப்போது திரும்ப விசாரிக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று உங்களிடம் விரிவாகச் சொல்ல மாட்டார்கள். குழந்தையின் அந்தரங்கம் கருதி அது நியாயமும்கூட. அதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால், அல்லது முன்பு சொன்னதில் ஒரு தேதியோ பெயரோ தப்பு என்று தெரிந்தால், அதே பதிவு எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள். எண் தொலைந்துபோயிருந்தாலும் அழையுங்கள். முதல் தடவை அழைத்த நாளைச் சொன்னால் தேடிப் பார்ப்பார்கள்.